கையெழுத்துக்கு மேலே இருக்கும் ஒரு சொல்

போன மாதம் எங்கள் தெருப் பையன் ஒருவன் சென்னைப் பக்கத்திலிருந்து மூட்டை முடிச்சோடு ஊருக்கு வந்துவிட்டான். அங்கே ஒரு தொழிற்சாலையில் ஆறு வருஷமாக மிஷின் ஆபரேட்டர். "என்னப்பா, லீவா?" என்று கேட்டேன். "இல்ல தாத்தா, ஆர்டர் குறைஞ்சு போச்சாம். பதினஞ்சு பேரை எழுதிக் கொடுக்கச் சொல்லிட்டாங்க" என்றான்.

"என்னன்னு எழுதிக் கொடுக்க?"

"சொந்தக் காரணத்துக்காக ராஜினாமா செய்யுறேன்னு. அவங்களா நிறுத்தினா பேரு கெட்டுப் போகுமாம், அடுத்த கம்பெனியில எடுக்க மாட்டாங்களாம். என் நல்லதுக்குத்தான் சொல்றாங்க."

அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அந்தப் பையன் சொன்ன வாசகத்தை என் கையாலேயே நான் பலருக்கு எழுதியிருக்கிறேன். எங்கள் கரிசல் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் இருபத்தேழு வருஷம் கணக்குப்பிள்ளையாக இருந்தவன் நான். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த ஒரு வாசகத்துக்குப் பின்னால் எவ்வளவு பெரிய சரித்திரம் இருக்கிறது என்று பார்ப்போம். ஓய்வு பெற்ற பிறகுதான் இதையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். வேலையில் இருக்கும்போது படித்திருக்க வேண்டியது.

போகிறவனுக்கு ஜெயில்

இன்று "வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள், சட்டம் என்ன சொல்கிறது?" என்று கேட்கிறோம். நம் நாட்டில் இந்த விஷயத்தில் முதலில் வந்த சட்டங்களில் ஒன்று முதலாளியைப் பற்றியதே இல்லை. 1859-ல் வெள்ளைக்கார அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. முன்பணம் வாங்கிய வேலையாள் வேலைக்கு வராமல் போனால் அவனை மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தலாம். பணத்தைத் திருப்பிக் கொடு, அல்லது வேலையை முடித்துக் கொடு என்று அவர் உத்தரவு போடுவார். கேட்காவிட்டால் மூன்று மாதம் வரை ஜெயில். இந்தச் சட்டத்தை நீக்க முடிவு செய்ததே 1925-ல்தான். அறுபத்தாறு வருஷம் அது உயிரோடு இருந்தது.

அதாவது, வேலையை விட்டுப் போகிற தொழிலாளி குற்றவாளி. வேலையை விட்டு நிறுத்துகிற முதலாளியைக் கேட்க ஆள் கிடையாது.

1908 பிப்ரவரி 27-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்களே, அது இந்தச் சட்டம் அமலில் இருந்த காலம். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றார்கள். கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டார்கள். மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. அடுத்த சில நாட்களில், மார்ச் 12-ல், தலைவர்கள் இருவரும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலியே கொந்தளித்தது. இதெல்லாம் நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்தது. ஆனால் அதில் ஒன்றை யோசித்துப் பாருங்கள். வேலைநிறுத்தம் செய்த அத்தனை பேரையும் மறுநாள் காலையில் "நீ வர வேண்டாம்" என்று கேட்டில் நிறுத்தியிருந்தால், போய்ச் சொல்ல ஒரு அலுவலகம் கிடையாது, ஒரு நீதிமன்றம் கிடையாது. அதைத் தெரிந்துகொண்டுதான் அந்த மனிதர்கள் வெளியே வந்து நின்றார்கள்.

பத்து வருஷம் கழித்து, 1918 ஏப்ரல் 27-ல், சென்னையில் பக்கிங்ஹாம் – கர்நாடிக் மில் தொழிலாளர்களுக்காக மதராஸ் தொழிற்சங்கம் தோன்றியது. பி.பி. வாடியா தலைவர். மில் நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போய் வாடியாவின் மீதே தடை உத்தரவு வாங்கியது. தொழிலாளியைத் தூண்டி ஒப்பந்தத்தை மீற வைத்தார் என்று குற்றச்சாட்டு. அந்த அதிர்ச்சியில்தான் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் குரல் எழுப்பினார். 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. சங்கம் வைத்தால் குற்றமில்லை என்று ஆயிற்றே தவிர, வேலை போனால் என்ன கிடைக்கும் என்பதற்கு அப்போதும் பதில் இல்லை.

1953: முதல் முறையாக ஒரு கணக்கு

1947-ல் தொழில் தகராறுகள் சட்டம் வந்தது. சமரச அதிகாரி, தீர்ப்பாயம் எல்லாம் ஏற்பட்டன. ஆனாலும் ஆட்குறைப்பு செய்தால் இவ்வளவு கொடுக்க வேண்டும் என்று அதில் எழுதவில்லை. 1953-ல் பஞ்சாலைகளில் சரக்கு தேங்கிக் கிடந்தது. ஆட்களை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்ற பயம் நாடு முழுக்க இருந்தது. அப்போது மத்தியத் தொழிலாளர் அமைச்சர் வி.வி. கிரி. பிற்காலத்தில் குடியரசுத் தலைவர் ஆனாரே, அவரேதான். அந்த வருஷம் அக்டோபர் 24 முதல் அவசரச் சட்டம் அமலுக்கு வந்தது. பிறகு அது முறையான சட்டத் திருத்தமாயிற்று.

அதில் வந்ததுதான் 25-எஃப் என்ற பிரிவு. ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால், காரணத்தை எழுதி ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அல்லது நோட்டீசுக்குப் பதிலாக ஒரு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். அதோடு, வேலை பார்த்த ஒவ்வொரு முழு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சராசரிச் சம்பளம் நஷ்ட ஈடு. அரசுக்கும் தகவல் தர வேண்டும். கடைசியில் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்பது 25-ஜி. மறுபடி ஆள் எடுத்தால் நீக்கப்பட்டவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்பது 25-ஹெச்.

"ஒரு வருஷம்" என்றால் காலண்டரில் ஒரு வருஷம் அல்ல. பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். சம்பளத்தோடு விட்ட ஞாயிற்றுக்கிழமைகளும் பண்டிகை விடுமுறைகளும் அந்த 240-ல் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 1985-ல் சொல்லிவிட்டது.

இந்த 240 என்ற எண் தொழிலாளிக்குத் தெரிகிறதோ இல்லையோ, முதலாளிகள் எல்லோருக்கும் மனப்பாடம். 230-ஆம் நாளில் ஒரு பத்து நாள் "பிரேக்" கொடுத்துவிட்டு மறுபடி புது ஆளாகச் சேர்ப்பதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

சொல் மாறினால் பணம் இல்லை

சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், அங்கேதான் கதை தொடங்குகிறது. "ஆட்குறைப்பு" செய்தால்தானே பணம்? நாங்கள் செய்தது ஆட்குறைப்பே இல்லை என்று சொல்லிவிட்டால்?

மகாராஷ்டிரத்தில் பார்சி லைட் ரயில்வே என்று ஒரு குறுகிய பாதை ரயில் கம்பெனி இருந்தது. அதை அரசு 1954 ஜனவரி 1-ல் எடுத்துக்கொண்டது. முந்தின நாளோடு எல்லோருடைய வேலையும் முடிந்தது என்று கம்பெனி நோட்டீஸ் கொடுத்தது. தொழிலாளர்கள் நஷ்ட ஈடு கேட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1956 நவம்பரில் தீர்ப்பு. தொழில் நடந்துகொண்டிருக்கும்போது, ஆள் அதிகம் என்று சிலரை நிறுத்துவதுதான் ஆட்குறைப்பு. தொழிலையே மூடிவிட்டால், அல்லது வேறொருவர் கைக்கு மாற்றிவிட்டால், அது ஆட்குறைப்பு ஆகாது. எனவே நஷ்ட ஈடும் இல்லை.

பத்துப் பேரை நிறுத்தினால் பணம் உண்டு. ஆயிரம் பேரை நிறுத்தி ஆலையையே பூட்டினால் பணம் இல்லை. நல்லவேளையாக நாடாளுமன்றம் தாமதிக்கவில்லை. 1957-லேயே திருத்தம் கொண்டுவந்து, கைமாறினாலும் மூடினாலும் நஷ்ட ஈடு உண்டு என்று இரண்டு பிரிவுகளைச் சேர்த்தது.

அடுத்தது நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்கு. ஸ்டேட் வங்கியில் ஒருவர் விட்டு விட்டு வேலை பார்த்திருந்தார். கூட்டிப் பார்த்தால் 240 நாளுக்கு மேல் வந்துவிட்டது. கடைசியாக அவருக்குக் கொடுத்த உத்தரவில் ஒன்பது நாளைக்கு மட்டும் தற்காலிக வேலை என்று இருந்தது. ஒன்பது நாள் முடிந்தது, வேலையும் முடிந்தது, நாங்கள் யாரையும் நீக்கவில்லை என்றது வங்கி. 1976-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதை ஏற்கவில்லை. எந்தக் காரணத்துக்காக வேலை முடிந்தாலும் அது ஆட்குறைப்புதான் என்று சட்டம் சொல்கிறது, முடிவுத் தேதியை முன்கூட்டியே உத்தரவில் எழுதி வைத்தாலும் அது முடிவுதான் என்று தீர்ப்பளித்தார். சுந்தரமணி வழக்கு என்று இன்றும் தொழிலாளர் வழக்கறிஞர்கள் இதைச் சொல்வார்கள்.

தமிழ்நாட்டில் 1981-ல் இன்னொரு நல்ல சட்டம் வந்தது. 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரத் தொழிலாளியாக்க வேண்டும். மின்வாரியத்திலும் போக்குவரத்துக் கழகத்திலும் "480 நாள் கேஸ்" என்று நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம்.

பிறகு 1984-ல் நாடாளுமன்றமே ஒரு கதவைத் திறந்து விட்டது. குறிப்பிட்ட காலத்துக்கு என்று ஒப்பந்தம் எழுதி, அந்தக் காலம் முடிந்து வேலை போனால் அது ஆட்குறைப்பு ஆகாது என்று ஒரு திருத்தம். கிருஷ்ணய்யர் மூடிய வழி பாதிக்கு மேல் மறுபடி திறந்துகொண்டது. காண்டிராக்ட் காகிதங்களுக்கு இவ்வளவு மவுசு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இந்த எழுபது வருஷக் கதையில் வேலை போனவருடைய நிலை மாறவே இல்லை. நேற்று வரை அடுப்பு எரிந்தது, இன்று எரியவில்லை. அந்தக் காகிதத்தில் இருக்கும் சொல் மட்டும்தான் மாறிக்கொண்டே வந்தது. ஆட்குறைப்பு என்றால் ஒரு கணக்கு, மூடல் என்றால் ஒரு கணக்கு, ஒப்பந்தம் முடிந்தது என்றால் வேறு கணக்கு, ராஜினாமா என்றால் கணக்கே இல்லை.

நான் எழுதிய காகிதம்

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

1993. நம் மாவட்டத்துக்கு அப்போது நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்று பெயர். மெழுகுத் தீப்பெட்டி வந்தது, மிஷின் வந்தது, கைத் தீப்பெட்டிக்கு ஆர்டர் குறைந்தது. முதலாளி ஒரு நாள் கூப்பிட்டு, கட்டை அடுக்குகிற பிரிவில் பதினோரு பெண்களின் பெயரைக் கொடுத்தார். "கணக்கு முடிச்சு அனுப்பிடும். வழக்கமான எழுத்தை வாங்கிக்கிடும்" என்றார்.

வழக்கமான எழுத்து என்பது ஒரு பக்கக் காகிதம். "என் சொந்தக் காரணங்களை முன்னிட்டு வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன். எனக்குச் சேர வேண்டிய பாக்கி அனைத்தையும் பெற்றுக்கொண்டேன். இனி எந்தப் பாத்தியதையும் இல்லை." கீழே ரெவின்யூ ஸ்டாம்பு. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் எல்லாவற்றையும் நானே எழுதினேன்.

அவர்களில் ஒரு அம்மா பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவர். விடிவதற்கு முன்னால் ஆபீஸ் வேனில் ஏறி, பொழுது சாய்ந்து இறங்குகிறவர். கையெழுத்துப் போடத் தெரியும், வாசிக்கத் தெரியாது. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"அண்ணாச்சி, இதுல என்ன எழுதியிருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா, கணக்கு முடிச்சதுக்கு ஒரு எழுத்து. போடுங்க."

போட்டார். இரண்டாயிரம் ரூபாய் எண்ணிக் கொடுத்தேன். "முதலாளி நல்லா இருக்கணும், நீங்களும் நல்லா இருக்கணும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஓய்வு பெற்ற பிறகு, மேலே சொன்ன பிரிவுகளையெல்லாம் படித்தபோது, ஒரு நாள் பென்சிலை எடுத்து அந்த அம்மாவின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பீஸ் ரேட்டில் அவருக்குச் சராசரியாக நாளைக்கு முப்பது ரூபாய் விழும். வருஷத்துக்குப் பதினைந்து நாள் வீதம் பதினெட்டு வருஷத்துக்கு ஆட்குறைப்பு நஷ்ட ஈடு 8,100 ரூபாய். பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, 1972-ஆம் வருஷச் சட்டப்படி அதே பதினைந்து நாள் கணக்கு. அது தனி. அதிலே ஒரு 8,100. நோட்டீசுக்குப் பதிலாக ஒரு மாதச் சம்பளம் 780. ஆக மொத்தம் 16,980 ரூபாய்.

கொடுத்தது இரண்டாயிரம்.

மீதிப் பதினைந்தாயிரத்துக்கு அன்றைய விலையில் நாலு பவுனுக்கு மேல் வாங்கலாம். அந்த அம்மாவுக்கு அப்போது கல்யாண வயதில் ஒரு மகள் இருந்தாள்.

"அப்போ எனக்குச் சட்டம் தெரியாது" என்று நான் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். பாதி உண்மை. 25-எஃப் தெரியாது. ஆனால் "சொந்தக் காரணம்" என்பது பொய் என்று தெரியும். அதைத் தெரிந்துதான் எழுதினேன். எனக்கும் மூன்று பிள்ளைகள். மாட்டேன் என்று சொல்லியிருந்தால் பன்னிரண்டாவது காகிதம் எனக்கு வந்திருக்கும்.

அந்த அம்மா லேபர் ஆபீசரிடம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கிய ராஜினாமா செல்லாது என்று வாதாட வழி உண்டு. 1965-க்கு முன்னால் ஒரு தனி ஆளின் வேலை போனால் சங்கமோ கூட வேலை பார்க்கிறவர்களோ எடுத்துப் பேசினால்தான் வழக்கு. அந்த வருஷம் 2-ஏ என்ற பிரிவு வந்த பிறகு தனி ஆளே போகலாம். தமிழ்நாட்டில் 1988 முதல், சமரசம் முறிந்தால் அரசு அனுப்பி வைக்கும் வரை காத்திருக்காமல் நேரே தொழிலாளர் நீதிமன்றத்துக்கே போகலாம். வழி எல்லாம் இருந்தது. ஆனால் காகிதத்தில் கையெழுத்து இருக்கும்போது அது தானாகப் போட்டதல்ல என்று காட்ட வேண்டிய பாரம் போட்டவர் தலையில்தான் விழும். அதைச் சுமக்க அந்த அம்மாவால் ஆகுமா?

மலை மேலே ஒரு காகிதம்

நம் ஊரிலிருந்து பார்த்தால் மேற்கே நீலமாகத் தெரிகிற மலைத்தொடரில், தெற்கே தள்ளி, மாஞ்சோலை இருக்கிறது. சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் 8,373 ஏக்கர் காட்டை பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று குடியிருப்புகள் உண்டாயின. கீழிருந்து போனவர்கள் காட்டை அழித்துத் தேயிலை வைத்தார்கள். ஜமீன் ஒழிப்புக்குப் பிறகு நிலம் அரசுக்கு வந்தது. குத்தகை மட்டும் தொடர்ந்தது. 2028-ல் அது முடிகிறது. இதற்கிடையில் 1988-ல் சுற்றியுள்ள காடு களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமாயிற்று.

மாஞ்சோலை என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு 1999 ஜூலை 23 ஞாபகம் வரும். கூலி உயர்வும், சிறையில் இருந்த தோட்டத் தொழிலாளர்களின் விடுதலையும் கேட்டு நெல்லை கலெக்டர் ஆபீசுக்குப் போன ஊர்வலம். தடியடி. தாமிரபரணியில் பதினேழு உயிர். அதில் ஒன்று கைக்குழந்தை. அன்று அவர்கள் கேட்டது வேலைக்குக் கூலி. கால் நூற்றாண்டு கழித்து வேலையே இல்லை என்று ஆயிற்று.

குத்தகை முடிய நாலு வருஷம் இருக்கும்போதே, 2024 மே, ஜூன் மாதங்களில், கம்பெனி ஐந்நூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் விருப்ப ஓய்வுப் படிவத்தை நீட்டியது. பணத்தில் ஒரு பகுதி கையெழுத்திட்டதும் தரப்படும், மீதி வீட்டைக் காலி செய்ததும் தரப்படும் என்று ஏற்பாடு. குத்தகை முடியப் போகிறது, காட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது கம்பெனியின் பக்கம். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. காடு காடாக வேண்டும் என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்தச் சொல்லைக் கவனியுங்கள். "விருப்ப ஓய்வு." ஆட்குறைப்பு என்பதன் விளக்கத்திலிருந்து சட்டம் முதலிலேயே விலக்கி வைத்த சொல் அது. தொழிலாளி தானாக விரும்பி ஓய்வு பெற்றால் 25-எஃப் கிடையாது, ஆட்குறைப்புக்கு அரசு அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை. பணம் அந்தத் திட்டத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். சில இடங்களில் அது சட்டக் கணக்கை விடக் கூடுதலாகவும் இருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் மூன்று நாலு தலைமுறையாக வேறு ஊர் தெரியாத ஐந்நூறு பேருக்கு ஒரே மாதத்தில் ஒரே விருப்பம் வருமா? எனக்குத் தெரிந்த உலகத்தில் வராது.

தோட்டத் தொழிலில் இன்னொரு சங்கடமும் உண்டு. 1951-ஆம் வருஷத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி வீடு கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை. நல்ல சட்டம். ஆனால் வேலையோடு வந்த வீடு வேலையோடு போய்விடும். எங்கள் தீப்பெட்டி ஆபீஸ் அம்மாவுக்கு வேலை போனாலும் ஓலைக் கூரை சொந்தம். மலை மேலே இருக்கிறவர்களுக்கு வேலை போனால் வீடு, பள்ளிக்கூடம், கோயில், அப்பன் ஆத்தாளைப் புதைத்த இடம் எல்லாம் ஒரே காகிதத்தில் போகிறது.

மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போனார்கள். அவர்களை வெளியேற்ற முதலில் இடைக்காலத் தடை கிடைத்தது. தோட்டத்தை அரசின் டான்டீ நிறுவனம் எடுத்து நடத்த வேண்டும் என்று கேட்டதை 2024 டிசம்பரில் நீதிமன்றம் ஏற்கவில்லை. பலர் கீழே இறங்கிவிட்டார்கள். எதை எதிர்த்து வழக்கு நடந்தாலும் முதலில் எடுத்துக் காட்டப்படுவது அந்தக் கையெழுத்துத்தான்.

இப்போது என்ன?

2025 நவம்பர் 21 முதல் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. நான் மேலே எழுதிய பழைய பிரிவு எண்களெல்லாம் இனி சரித்திரம். அடிப்படை மாறவில்லை. ஒரு மாத நோட்டீசும் வருஷத்துக்குப் பதினைந்து நாள் நஷ்ட ஈடும் இருக்கின்றன. வேலையை விட்டு நின்றாலும் நிறுத்தினாலும் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று வந்திருக்கிறது. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஒரு வருஷத்திலேயே பணிக்கொடை உண்டு. இவை நல்லவை. மறுபக்கம், ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் முன்னால் அரசின் அனுமதி கேட்க வேண்டும் என்ற கட்டாயம் நூறு பேர் வேலை செய்யும் இடம் என்பதிலிருந்து முந்நூறு பேர் என்று உயர்ந்துவிட்டது. வேலை போனதை எதிர்த்துப் போக முன்பு மூன்று வருஷம் அவகாசம் இருந்தது. இப்போது இரண்டு.

சட்டம் எத்தனை முறை மாறினாலும், தானாக ராஜினாமா செய்தவருக்கு ஆட்குறைப்பு நஷ்ட ஈடு இல்லை என்பது மட்டும் மாறாது. மாறவும் முடியாது. ஆகவே வீட்டில் வேலைக்குப் போகிற பிள்ளைகள் இருந்தால், இந்தக் கிழவன் சொன்னதாக இதைச் சொல்லி வையுங்கள். வேலைக்குச் சேர்ந்த உத்தரவு, சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், வருகைப் பதிவின் நகல், இவற்றைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கணக்கு முடிக்கிற நாளில் எதை நீட்டினாலும் வீட்டுக்கு எடுத்துப் போய் ஒரு ராத்திரி வைத்திருந்து, தெரிந்தவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். "இப்பவே போடு" என்று அவசரப்படுத்தினால், அந்த அவசரத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஐந்து வருஷம் முடித்தவர் தானாக நின்றாலும் பணிக்கொடை உண்டு. அதை யாரும் தர்மமாகக் கொடுக்கவில்லை.

எங்கள் தெருப் பையன் ஊருக்கு வரும்போது காகிதம் வாங்கி வந்திருந்தான். நல்ல காலம், இன்னும் கையெழுத்துப் போடவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். என்னை விடப் புத்திசாலி. அவனை உட்கார வைத்து, ஆறு வருஷத்துக்கு ஆட்குறைப்புக் கணக்கு எவ்வளவு, பணிக்கொடை எவ்வளவு என்று போட்டுக் காட்டினேன். பிறகு ஒரு வக்கீலிடம் அனுப்பி வைத்தேன். அவனும் கூட இருந்த ஏழு பேரும் சேர்ந்து, எங்களை ஆட்குறைப்பு செய்வதானால் ஆட்குறைப்பு என்றே எழுதிக் கொடுங்கள் என்று கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன்.

அந்தப் பதினெட்டு வருஷத்து அம்மா இப்போது இல்லை. நான்கு வருஷத்துக்கு முன்னால் காலமானார். துஷ்டிக்குப் போயிருந்தேன். அவர் மகள் என்னை அடையாளம் கண்டு, "ஆபீஸ் மாமா வந்திருக்காக" என்று நாற்காலி எடுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை.